பூ வைத்த மெழுகுவத்தி

அன்புத் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. நான், உன் மாமா, பொடிசு மூவரும் சுகம். நீயும் சுகம் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்னாய். அதை நம்பித்தான் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தையும் சாமானையும் கொண்டுவருகிறவள் உன் அறைத்தோழி ஒட்டடைக்குச்சி. லீவு முடிந்து நாளை காலை கிளம்புகிறாள். பெயர் வைத்தவளுக்கு வாயில் சர்க்கரை போட வேண்டும். நம் வாசலில் குனிந்தும் நிலையில் இடித்துக்கொண்டாள். பொடிசு அவளைப் பார்த்து, உங்க வீட்டுல ஏணியே வேணாமில்ல என்று கேட்டுவிட்டது. அவள் கோபப்படவில்லை. நல்ல பெண்.

நீ போனில் சொன்னதில் ஒன்று மட்டும் என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. கரண்ட் போனால் விடுதியில் இருட்டிலேயே உட்கார்ந்திருப்போம் என்றாய். இருபத்தெட்டுப் பேர் ஒரே அறையில் இருட்டில். ஏன், ஒரு விளக்குகூடத் தரமாட்டார்களா என்று கேட்பதற்குள் உன் கால் மணி நேரம் முடிந்து போனைப் பிடுங்கிவிட்டார்கள். மாதம் முழுக்க ஊர் உலகத்துக்குச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனிக்கு ஒரு விளக்கு வாங்க வழியில்லை போலிருக்கிறது.

அதனால்தான் இந்த மெழுகுவத்தி. நானே செய்தது. தெருவில் கொடுப்பதற்காகத்தான் ஆரம்பித்தேன். எப்போதும் யாராவது எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், பதிலுக்குக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? கடையில் மெழுகு கட்டியாகக் கிடைக்கிறது. சீவி, கொதிக்கிற தண்ணீருக்குள் சின்னப் பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டியதுதான். திரிக்குப் பருத்தி நூலை மூன்று இழையாக முறுக்கி, மெழுகில் முக்கிக் காயவைத்தேன். அடியில் நிற்பதற்குக் கனமாக ஏதாவது கட்ட வேண்டும். பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா, சட்டைப் பட்டனைக் கோத்துப் பாரேன் என்று ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். அளந்து வைத்த மாதிரி இருந்தது. மேல்பக்கம் திரி சாயாமலிருக்கத் துணி மாட்டுகிற கிளிப். பாட்டில் எல்லாம் காலி ஜாம் பாட்டில். ஆறும்போது நடுவில் குழி விழும். அதில் இன்னொரு கரண்டி ஊற்றினால் வழுவழுவென்று வந்துவிடும்.

முதலில் ஒன்று வெறுமனே செய்து ஏற்றிப் பார்த்தேன். இரண்டு சாயங்காலம் ஆடாமல் அசையாமல் எரிந்தது. உன் மாமாகூட, பரவாயில்லையே, உன் கையால செஞ்சது ஒண்ணாவது உருப்பட்டுச்சே என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு வந்தால் மாலை போட்ட மாதிரி.

அப்புறம் எட்டு ஜாம் பாட்டில் செய்தேன். கொடுக்கிற சாமான் இல்லையா, அழகு வேண்டாமா? பூவிதழ்களைப் பொடிசின் பழைய பாடப் புத்தகத்துக்குள் வைத்து ஒரு வாரம் காயவைத்து, மெழுகு இறுகுவதற்கு முன்னால் மேலே ஒவ்வொன்றாக அழுத்தினேன். மேல் வீட்டு டீச்சர், இது கடையில வாங்கினதுதானே, பொய் சொல்லாதே என்றாள்.

உனக்குப் பெரிது. காப்பிப் பொடி பாட்டிலில் செய்தது. எல்லாவற்றையும்விட உனக்குத்தான் பூ அதிகம். கரண்ட் போனால் நடுவில் வைத்து ஏற்றி எல்லோரும் சுற்றி உட்காருங்கள். பூவைப் பிய்த்துவிடாதே, அதுதான் அழகே.

வாசலில் பையைச் சோதிப்பார்களாம். ஒட்டடைக்குச்சி அதற்கும் வழி சொன்னாள். மாதவிலக்குத் துணி இருக்கிற பொட்டலத்துக்குள் வைத்தால் வாட்ச்மேன் கை வைக்க மாட்டானாம். எதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டுமோ அதற்கெல்லாம் வெட்கப்படாதவர்கள் இதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நமக்கு நல்லதுதான்.

உன் கடைசிக் கடிதம் நாலே வரி. அதில் இரண்டு தடவை எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஒரு தடவை எழுதியிருந்தால் நம்பியிருப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஊசி முனையைப் பார்த்தே தை, பேச்சு சுவாரசியத்தில் விரலைக் கொடுத்துவிடாதே.

உன் நலமே நினைக்கும்
அக்கா

&nbsp;

தங்கச்சி,

அந்த மெழுகுவத்தியை ஏற்றாதே.

மிச்சத்தை அப்புறம் படி. முதலில் அது எங்கே இருக்கிறது என்று பார். இந்தக் கடிதத்தைக் கொடுக்கிற சமையல்காரம்மாவிடம் பாட்டிலைக் கொடுத்துவிடு. காய்த்தோல் வாளிக்கு அடியில் வைத்து வெளியே கொண்டுவந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால், அணைந்துதானே இருக்கிறது என்று விட்டுவிடாதே. அடுத்த தடவை ஏற்றும்போது பிடித்துக்கொள்ளும்.

நான் உன் விடுதிக்கு எதிரில் இருக்கிற டீக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பதினொன்றரை. வலது கையில் இரண்டு விரல் கொப்புளம், அதனால் எழுத்து கோணலாக இருக்கும். பயப்படாதே, எனக்கு வேறு ஒன்றுமில்லை.

நேற்றுச் சாயங்காலம் தையல்கார அக்கா நான் கொடுத்ததை ஏற்றினாள். நானும் கூடத்தான் இருந்தேன். கொஞ்ச நேரம் நன்றாகத்தான் எரிந்தது. மெழுகு உருகினதும் மேலே அழுத்தியிருந்த இதழெல்லாம் மிதக்க ஆரம்பித்தது. ஒன்று நகர்ந்து திரிக்குப் பக்கத்தில் போய்ப் பற்றியது. உடனே அடுத்தது. மூச்சு விடுவதற்குள் பாட்டில் வாய் முழுக்க நெருப்பு. அது மெழுகுவத்தி இல்லை, அடுப்பு. நான் புத்திகெட்டுப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்து ஊற்றினேன். உருகின மெழுகில் தண்ணீர் ஊற்றக்கூடாதென்று எனக்கு யார் சொன்னார்கள்? புஸ்ஸென்று சீறி என் தலை உயரத்துக்கு எழும்பியது. முன்மயிர் பொசுங்கிவிட்டது. பாட்டில் இரண்டாகப் பிளந்து, மெழுகு எரிந்துகொண்டே துணி வெட்டுகிற மேசை மேல் ஓடியது. தையல்கார அக்கா சாக்கை நனைத்துப் போட்டு மேலேயே விழுந்து அமுக்கினாள். நாலு பள்ளிக்கூடச் சீருடை போய்விட்டது. அடியில் நான் கோத்த பட்டன் கரித்துண்டாகக் கிடந்தது. அதுவும் பிளாஸ்டிக். நெருப்புக்கு நெருப்பு சேர்த்துக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

வெறுமனே செய்ததைத்தான் ஏற்றிப் பார்த்தேன். பூ வைத்ததை ஏற்றிப் பார்க்கவில்லை. அழகாக இருந்தது, எரித்து வீணாக்க மனசு வரவில்லை. அவ்வளவுதான் நான் செய்த தப்பு. ஆனால் அதை எட்டு வீட்டுக்கும் உனக்கும் கொடுத்துவிட்டேன்.

பொசுங்கின தலையோடேயே வீடு வீடாகப் போய் மிச்சம் ஏழையும் திருப்பி வாங்கினேன். கீழ்வீட்டுக்காரி, குடுத்ததைத் திருப்பிக் கேக்குற ஜென்மத்தை இன்னைக்குத்தான் பாக்குறேன் என்றாள். சொல்லட்டும். ஏழும் இப்போது வீட்டில் தண்ணீர் அண்டாவுக்குள் கிடக்கின்றன. ஒன்பதாவது உன்னிடம்.

கம்பெனி ஆபீசுக்கு நேற்றே போன் போட்டேன். எடுத்தவர், சாவா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்ப ஞாயித்துக்கிழமை கூப்பிடுங்க என்று வைத்துவிட்டார். சாவதற்கு முன்னால் சொல்லத்தானே அய்யா கூப்பிடுகிறேன் என்று வைத்த போனிடம் சொன்னேன். காலை முதல் பஸ் பிடித்து வந்துவிட்டேன். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. பார்க்கிற நாள் மாதத்தின் கடைசி ஞாயிறாம்.

கேட் கம்பிக்குள்ளே எட்டிப் பார்த்தேன். உன் விடுதி இதுதான் என்று இன்றைக்குத்தான் சரியாகப் பார்க்கிறேன். சேர்த்துவிட வந்த அன்று ஆபீஸ் அறையில் உட்காரவைத்து டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி, கம்பிக்கு மேல் வலை. கீழே மிஷின் ஓடுகிறது, நீங்கள் படுக்கிற மேல் மாடிக்கு ஒரே படிக்கட்டு, அதற்கு ஒரு இரும்பு கேட். அதில் என் கைமுஷ்டி அளவுக்கு ஒரு பூட்டு தொங்குகிறது. வெளிப்பக்கமாக. பகலில் திறந்து கிடந்தது. எதுக்கு இது என்று சமையல்காரம்மாவைக் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். ஏழு மணிக்குப் பூட்டிடுவாங்களே, உங்க தங்கச்சி சொல்லலையா? சாவி வார்டனோட அவங்க வீட்டுக்குப் போயிடும், ரெண்டு தெரு தள்ளி, என்றாள்.

தையல்கார அக்கா வீட்டில் இரண்டு வாசல். நாங்கள் ஒன்று வழியாக ஓடியிருக்கலாம். நீ எது வழியாக ஓடுவாய்?

டீக்கடைக்காரர் ஃபிரிட்ஜிலிருந்து பாலை எல்லாம் வெளியே எடுத்து வைத்துப் புலம்பிக்கொண்டிருக்கிறார். இன்றைக்குச் சாயங்காலம் ஆறிலிருந்து பத்து வரை இந்தத் தெருவுக்குக் கரண்ட் கிடையாதாம், ஏதோ மராமத்தாம். இருட்டினால் நீங்கள் அதைத்தான் ஏற்றுவீர்கள்.

நேரே வார்டனிடம் போய்ச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் உன்னையும் ஒட்டடைக்குச்சியையும் பையோடு வெளியே நிறுத்திவிடுவார்கள். அவள் சம்பாத்தியத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிகிறது. அதனால் இரண்டு மணி வரை பார்ப்பேன். அதற்குள் பாட்டில் என் கைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் போய்ச் சொல்லிவிடுவேன். பிறகு நீ என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

சீக்கிரம் கொடுத்தனுப்பு, என் கண்ணே. கையெடுத்துக் கேட்கிறேன்.

அக்கா

&nbsp;

அன்புத் தங்கைக்கு,

நான்கு ஞாயிறு ஆகிவிட்டது. நான்கு தடவையும் போனில் நீ வரவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு தடவை, தூங்குகிறாள் என்று ஒரு தடவை, மற்ற இரண்டு தடவை பேச விருப்பமில்லையாம் என்றார்கள். அந்த இரண்டும்தான் நிஜம் என்று எனக்குத் தெரியும்.

இதைத் தபாலில் போடுகிறேன். வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். படிக்கட்டும். வார்டனம்மா, வணக்கம். இதில் உங்களுக்கும் விஷயம் இருக்கிறது, பாதியில் நிறுத்தாதீர்கள்.

அன்றைக்கு நடந்ததை உன் பக்கத்திலிருந்து மட்டும்தான் நீ பார்த்தாய். என் பக்கம் இது. நான் உள்ளே கொடுத்தனுப்பிய கடிதம் ஒன்றேமுக்காலுக்கு அப்படியே திரும்பி வந்தது, யார் கையில் என்று இங்கே எழுத மாட்டேன். உங்கள் வரிசைக்கு மதியச் சாப்பாட்டுக்கே விடவில்லையாம், கப்பலுக்கு அனுப்பும் சரக்கு பாக்கியாம், பொட்டலச் சாப்பாடு மிஷின் பக்கத்திலேயே கொடுத்துவிட்டார்களாம். ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பீர்களாம். ஆறு மணிக்குக் கரண்ட் போகும். ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் அந்தப் பாட்டிலும் நீங்கள் இருபத்தெட்டுப் பேரும் உள்ளே, சாவி இரண்டு தெருவுக்கு அப்பால்.

போய்ச் சொல்லிவிட்டேன்.

உன் பெட்டியை வார்டன் உடைத்துப் பாட்டிலை எடுத்ததும், சாயங்காலம் உங்கள் எல்லோரையும் முற்றத்தில் நிறுத்தினதும், நீ என்னைப் பார்த்த பார்வையும் எனக்கு மறக்காது. வார்டன் பாட்டிலைக் கையில் தூக்கிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, அழகாப் பண்ணியிருக்கீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க என்று என்னிடம் கேட்டாரே, அப்போது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

மறுநாளே ஒட்டடைக்குச்சியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நீ மட்டும் மன்னிப்புக் கடிதத்தோடு தப்பினாய். அவளைப் போய்ப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். அவள் அம்மா மட்டும் நான் இருந்த நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கிளம்பும்போது ஒட்டடைக்குச்சி வாசல் வரை வந்து மெதுவாகச் சொன்னாள், அக்கா, இப்பல்லாம் படுத்தா உடனே தூக்கம் வருது, அங்க இருந்தப்ப வராது என்று. ஏன் வராது என்று நான் கேட்கவில்லை. நீயும் இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை.

இனி பூட்டு விஷயம். அன்று நீங்கள் உள்ளே போன பிறகு வார்டனிடம் அதைக் கேட்டேன். ஒரு மெழுகுவத்திக்கு இவ்வளவு பயப்படுகிறீர்களே, எழுபது மிஷின் ஓடுகிற கட்டடத்துக்கு மேலே பெண்களைப் பூட்டி வைக்கிறீர்களே, கீழே ஒரு ஒயர் புகைந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, விரலால் தொட்டுக் காட்டினார். பாருங்கம்மா, நாங்களா பூட்டல, நீங்க கேட்டுத்தான் பூட்டறோம் என்றார்.

என் கையெழுத்து. அப்போது உனக்குப் பதினேழு வயது, அம்மா இல்லை, உனக்காக எல்லாக் காகிதத்திலும் நான்தான் போட்டேன். மாலைக்கு மேல் விடுதியைப் பூட்டி வைக்கப் பாதுகாவலர் சம்மதிக்கிறார் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. படிக்காமல் போட்டேன் என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு ஞாபகம் இருக்கிறது. சாப்பாடு எப்படி, தண்ணீர் எப்படி என்று கேட்பதற்கு முன்னால், பொண்ணுங்களை வெளிய விட மாட்டீங்களே என்றுதான் கேட்டேன். இல்லைம்மா, பூட்டிடுவோம் என்றதும் நிம்மதியாக டீயைக் குடித்தேன். தெருவில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நெருப்பை நினைத்துப் பயப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

கம்பெனிக்காரனைத் திட்டுகிறேன், திட்டத்தான் செய்வேன். சரக்கு வைக்கிற கிடங்குக்கு நாலு வாசல் வைத்தவன் ஆட்கள் படுக்கிற இடத்துக்கு ஒன்று வைத்து அதையும் பூட்டுகிறான். ஆனால் பூட்டை அவன் வாங்கினான் என்றால் சாவியைத் திருப்பினது நான்.

சும்மா இருக்கவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் முதலில் அக்கறையாகத்தான் குறித்துக்கொண்டார். கம்பெனி பெயரைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கலாம் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்து உன் விடுதியில் இருக்கிற இன்னும் இரண்டு பெண்களின் வீட்டுக்கும் போனேன். சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று சேர்ந்து எழுதிக் கொடுக்கலாம் என்றேன். ஒருத்தி பாதி சொல்லும்போதே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். இன்னொருத்தி, பூட்டு இல்லேன்னா நாளைக்கே என் பொண்ணைக் கூட்டிட்டு வந்திடுவேன், வயசுப் பொண்ணை வெச்சிருக்கிற நாங்க வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கோம் என்றாள். அவளோடு சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் பேசின பேச்சு அது.

வார்டனம்மா, எங்கள் இரண்டு வீட்டுக் காகிதமும் பதிவுத் தபாலில் உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கும். வரவில்லை என்று சொல்லாதீர்கள், ரசீது இருக்கிறது. உங்களைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. சாவியை உள்ளே ஒரு ஆணியில் மாட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். அதை மாட்டுகிற உரிமைகூட உங்களுக்கு இருக்குமா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

தங்கச்சி, உனக்கு இப்போது பத்தொன்பது. இனி நான் போடுகிற கையெழுத்து உனக்குத் தேவையில்லை. இதோடு ஒரு காகிதம் வைத்திருக்கிறேன். என்னைப் பூட்டி வைக்க நான் சம்மதிக்கவில்லை என்று ஒரே வரிதான். போட விருப்பமிருந்தால் போடு. போட்டால் வேலை போய்விடும் என்று பயமாக இருந்தால் போடாதே. வேலையை விட்டுவிட்டு வருவதானால் இன்றைக்கே வா, நம் வாசலில் நிலை தட்டுமே தவிரப் பூட்டு இருக்காது. கதவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொள் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். பூட்டின கதவுக்குப் பக்கத்தில் படுத்து நீ என்ன செய்வாய் என்று தோன்றியதும் அடித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் வீட்டில் எதைக் கொளுத்தினாலும் எனக்கு மூக்குக்கு வந்துவிடுகிறது. உன் மாமா, பைத்தியம் பிடிச்சிடும் உனக்கு என்கிறார். பகலில் ஏதாவது கைவேலை செய்துகொண்டே இருக்கிறேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்து உறை மடிக்கிறேன். பொடிசு ஓரத்தை நகத்தால் நீவிக் கொடுக்கிறது. கொடுப்பதற்கு ஏற்றதுதான், கிழிந்து போவதைத் தவிர வேறு ஆபத்து இல்லை. அப்படி மடித்ததில் ஒன்றை விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, உள்ளே வைத்திருக்கிறேன்.

கோபமாகவே இரு. பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம். உள்ளே ஒன்றும் வைக்காமல் அந்த உறையை மட்டும் மூடி அனுப்பு. மூடுகிற இடத்தில் பசையைத் தடவிக் காயவைத்திருக்கிறேன், நாக்கால் நனைத்தால் ஒட்டிக்கொள்ளும். அது வந்தால் நீ பத்திரமாக இருக்கிறாய் என்று அந்த வாரத்துக்கு எனக்குப் போதும். அடுத்த வாரத்துக்கு இன்னொன்று அனுப்புகிறேன்.

நீ நூறு வயசு இருக்க வேண்டும். வார்டனம்மா, உறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதை மட்டும் அவளிடம் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
உன் பயந்தாங்கொள்ளி அக்கா